ஊசி வைத்தியரும் ஒழுங்கு விதியும்

சட்டமும் குடும்பமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று:

“என் தாயாருக்கு வயது 61. முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முழங்கால் வலி தாங்காமல் பட்டணத்திலுள்ள ஓர் ஊசி வைத்தியரிடம் காட்டினோம். பத்து தடவைக்கென்று முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னார். ஊசி குத்தியதில் வலி குறைந்தது உண்மை. பிறகு அவர், ‘இனிப்பு நீருக்கு மாத்திரை வேண்டாம், ஊசியிலேயே சரியாகிவிடும்’ என்றார். அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒருநாள் சூட்டு விளக்கைக் காலருகே வைத்திருந்தார்கள். அம்மாவுக்குச் சூடு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். அது புண்ணாகி, ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. புகார் செய்யலாம் என்கிறேன் நான். ‘வலியைப் போக்கிய மனிதர், அவர் பிழைப்பைக் கெடுக்காதே’ என்கிறார் அண்ணன். அம்மாவும் அதையே சொல்கிறார். என்ன செய்வது?”
— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, பேராக்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த வைத்தியர் செய்தது குற்றமா என்பது ஒன்று. புகார் செய்வது நன்றி கெட்ட செயலா என்பது மற்றொன்று. முதலாவதைச் சட்டத்தைக் கொண்டு பார்ப்போம். இரண்டாவதற்கு மனசாட்சியைத்தான் கேட்க வேண்டும்.

அக்குபங்சர் நம் நாட்டிற்குப் புதியதல்ல. கோலாலம்பூர் துங் ஷின் மருத்துவமனையின் வரலாறு 1881இல் தொடங்குகிறது. அங்கே சீன வைத்தியத்திற்குத் தனிப் பிரிவே உண்டு. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையில் பாரம்பரிய வைத்தியப் பிரிவு திறக்கப்பட்டபோது ஊசி வைத்தியமும் அதில் இடம்பெற்றது. ஆகவே ஊசி வைத்தியம் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அரசாங்கமே இடம் கொடுத்திருக்கிற ஒரு தொழிலுக்கு அரசாங்கத்தின் கட்டுப்பாடும் இருக்கத்தானே வேண்டும்?

மலேசியாவில் அந்தக் கட்டுப்பாடு 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிறைவு மருத்துவச் சட்டம். சட்ட எண் 775. இதன்கீழ் சுகாதார அமைச்சைச் சார்ந்து ஒரு மன்றம் இயங்குகிறது. ஊசி வைத்தியம் சீனப் பாரம்பரிய மருத்துவத்தின்கீழ் வருகிறது. 2021 மார்ச் முதல் தேதியிலிருந்து வைத்தியர்களைப் பதிவு செய்யும் வேலை நடைபெற்று வருகிறது. பதிவு இல்லாமல் தொழில் நடத்துகிறவருக்கு முதல் குற்றத்திற்கே 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. அங்கே சீன மருத்துவர் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. மறு ஆண்டில் வாரியம் அமைந்ததும் முதலில் பதிவு செய்யப்பட்டவர்கள் ஊசி வைத்தியர்கள்தாம். உடம்புக்குள் ஊசியைச் செலுத்தும் தொழில் அல்லவா? தவறு செய்தவரைக் கண்டிக்கவும், அபராதம் விதிக்கவும், பதிவை நிறுத்தி வைக்கவும், அடியோடு நீக்கவும் அந்த வாரியத்திற்கு அதிகாரம் உண்டு.

சரி, தொழில் ஒழுங்கீனம் என்பது எது? வாசகர்கள் இதைத்தான் பெரும்பாலும் குழப்பிக் கொள்கிறார்கள். பணம் கொடுத்தும் நோய் தீரவில்லை என்பது மட்டும் ஒழுங்கீனம் ஆகாது. எந்த வைத்தியருக்கும் எல்லா நோயும் கட்டுப்படுவதில்லை. குத்திய இடத்தில் சிறிது ரத்தம் கட்டுவதும், ஒருவருக்குத் தலை சுற்றுவதும் நடக்கக் கூடியவை. ஒரு நல்ல வைத்தியர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, செய்யக் கூடாததைச் செய்தாரா என்பதே கேள்வி.

முதலில் சுத்தம். ஒருவருக்குக் குத்திய ஊசியைச் சரியாகக் கிருமி நீக்காமல் இன்னொருவருக்குக் குத்துவதைப் போன்ற அபாயம் வேறில்லை. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 1984இல் ஒரே ஊசி வைத்தியரிடம் போய் வந்த 35 பேருக்கு ஹெப்பாடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் தொற்றியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி இன்று மலிவாகக் கிடைக்கிறது. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மறுபடி குத்துகிறவருக்குச் சொல்லச் சாக்கு எதுவும் இல்லை.

அடுத்து, தெரியாத வேலையில் கை வைப்பது. நெஞ்சிலும் தோளிலும் ஆழம் தெரியாமல் குத்தினால் ஊசி நுரையீரலைத் துளைத்துவிடும். ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவரா, கர்ப்பிணியா, இனிப்பு நீர் உள்ளவரா என்று கேட்காமல் ஊசியை எடுப்பதும் இந்த வகைதான்.

மூன்றாவது, பொய் வாக்குறுதி. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 வகை நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, புற்றுநோய், ஆஸ்துமா, வலிப்பு, பக்கவாதம், மலட்டுத்தன்மை எல்லாம் அதில் அடங்கும். இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதற்கே தடை. “டாக்டர்” என்று பலகை மாட்டி, மேல்நாட்டு மருத்துவம் படித்தவர் போலக் காட்டிக்கொள்வதும் சட்டப்படி செல்லாது.

நான்காவது, நம்பி வந்தவரிடம் முறைகேடாக நடப்பது. ஊசி வைத்தியத்தில் ஆடையை விலக்கிப் படுக்க வேண்டியிருக்கும். துணைக்கு ஒருவர் கூட இருக்கட்டும் என்று கேட்க எந்தப் பெண்ணும் தயங்க வேண்டாம். கை அத்துமீறினால் அது மன்றத்தோடு முடிகிற விஷயமல்ல. நேரே போலீஸ் நிலையத்திற்குப் போங்கள்.

இப்போது உங்கள் தாயார் விஷயத்துக்கு வருவோம். இனிப்பு நீர் நாளடைவில் கால் நரம்புகளை மரத்துப் போகச் செய்யும். சூடு பட்டாலும் உறைக்காது. சர்க்கரை ஏறியிருக்கும்போது புண்ணும் எளிதில் ஆறாது. இது இந்தத் தொழிலில் இருக்கிறவர் அறிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி. சூட்டு விளக்கால் கொப்புளம் வந்ததை விபத்து என்று அவர் சொல்லக் கூடும். ஆனால் நோய் என்னவென்று தெரிந்திருந்தும் அந்தக் காலருகே விளக்கை வைத்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். வேறொரு மருத்துவர் கொடுத்த மாத்திரையை, அவரைக் கேட்காமலே நிறுத்தச் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். என் கருத்தில் இரண்டாவதுதான் பெரிய தவறு. விசாரிக்கத் தக்க புகார் உங்களிடம் இருக்கிறது.

அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. முழங்கால் வலி குறைந்தது உண்மைதான். அதற்குரிய கூலியை நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கணக்கு தீர்ந்தது. விரலின் கணக்கு வேறு. புகார் எழுதிய உடனே ஒருவர் பிழைப்பு போய்விடாது. மன்றம் அவரை அழைத்து அவர் பக்கத்தையும் கேட்கும். நீங்கள் சொல்லாதது ஏதேனும் இருந்தால் அவர் சொல்வார். தீர்ப்புச் சொல்லும் பாரம் உங்களுடையதல்ல. நடந்ததை நடந்தபடி சொல்வதோடு உங்கள் கடமை முடிந்தது. ஒருவேளை எச்சரிக்கையோடு அவரைத் திருத்தியும் அனுப்பலாம். நீங்கள் வாய் மூடியிருந்தால், நாளை இன்னொரு தோட்டத்திலிருந்து இன்னொரு தாய் அதே கட்டிலில், அதே விளக்கருகில் படுப்பார். அம்மாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் அவர், அவர் சம்மதத்தோடு செய்வதே முறை.

செய்ய வேண்டியவை இவை. அவர் பதிவு பெற்றவரா என்று மன்றத்தில் விசாரியுங்கள். பதிவு பெற்றவராக இருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்குப் புகார் எழுதுங்கள். பதிவு இல்லையென்றால் சுகாதார அமைச்சுக்குத் தெரிவியுங்கள். போன தேதிகள், கட்டிய பணத்தின் ரசீது, அவர் சொன்ன வார்த்தைகள், காலின் படம், ஆஸ்பத்திரிக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ரசீது இல்லையென்றாலும் கூடப் போனவர் சாட்சி. “இதோடு தீர்ந்தது” என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டு அவரிடம் பணம் வாங்காதீர்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒழுங்கு மன்றம் வைத்தியரைத்தான் விசாரிக்கும், நஷ்ட ஈடு வாங்கித் தராது. நஷ்ட ஈட்டுக்கு வழக்கு வேறு. வசதி குறைந்தவர்கள் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தை நாடலாம். அதற்குக் காலக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு:

பதிவுச் சான்றிதழும் தொழில் நடத்தும் சான்றிதழும் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள்.

ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.

சாப்பிடும் மருந்துகளையெல்லாம் சொல்லுங்கள். எதை நிறுத்துவதானாலும் அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

பத்துத் தடவைப் பணத்தை ஒரே நாளில் கட்டாதீர்கள். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கு ஊசி வைத்தியர் தரும் எம்.சி.யை முதலாளி ஏற்றே ஆக வேண்டும் என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேலைச் சட்டம் சொல்லவில்லை. பதிவு பெற்ற மருத்துவரின் எம்.சி.யைத்தான் சட்டம் கேட்கிறது. “என் எம்.சி. எங்கும் செல்லும்” என்று ஒரு வைத்தியர் சொன்னால், அவருடைய மற்ற வாக்குறுதிகளையும் சற்று யோசித்தே நம்புங்கள்.