யாழ்ப்பாணப் பயணத்தில் இன்னும் அரை மணித்தியாலம்



போன கிழமை பிள்ளைகளோட ஒருநாள் சுற்றுலா. விடிய முல்லைத்தீவில் பஸ் எடுத்து, பரந்தனில் ஏ9 ஏறி யாழ்ப்பாணம். 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, 1981இல் எரிக்கப்பட்ட நூலகம், நல்லூர், ஐஸ்கிரீம், கசூரினாக் கடற்கரை. எல்லாப் பாடசாலைக்கும் இதே பட்டியல்தான். குறை சொல்லவில்லை, நல்ல பட்டியல்.

பகல் சாப்பாட்டுக்கு ஹலால் கடை தேடி ஐந்து சந்திப் பக்கம் போனோம். மாட்டிறைச்சிக் கறியும் சோறும், பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். கை கழுவிவிட்டு சோனகத் தெருவில் நின்றபோது, கூரையில்லாத சுவர்களைக் காட்டி ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்டாள்: "சேர், இது ஷெல் விழுந்த வீடா?"

ஷெல் மட்டுமில்லை மகள். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களை சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அதே மாதம்தான் முல்லைத்தீவிலிருந்து உம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு புத்தளம் போனவ.

அவளுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற எங்கட பிள்ளைகளுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அது எங்கட பிழை.

நூலகத்துக்கு முன்னால் நின்று எரித்த கதையைச் சொல்லத் தெரிந்த ஆசிரியர்களுக்கு இந்தத் தெருவில் மட்டும் ஏன் வாய் அடைக்கிறது? அதிபர்மாரே, கசூரினாவில் அரை மணித்தியாலம் குறையுங்கள். சோனகத் தெருவில் பஸ்ஸை நிறுத்துங்கள்.

அடுத்த தவணைப் பயணத்துக்கும் நான் வருகிறேன். சாப்பாடு அதே கடையில்தான்.