அண்ணன் மொழிபெயர்த்தால் போதுமா?

“காது கேளாத பெண் புகார் கொடுக்க வந்தால், கூட வரும் அண்ணனோ மாமியாரோ அவள் சைகையைச் சொல்லிவிடப் போகிறார்கள், தனி மொழிபெயர்ப்பாளர் எதற்கு, வீண் செலவு!” என்கிறார் நண்பர். அடித்தவனே அந்த அண்ணனாக இருந்தால்? அவள் கழுத்தைத் தொட்டு, இரு கையாலும் நெரித்துக் காட்டுகிறாள். மாமியார் “சும்மா புருஷன் பொண்டாட்டி சண்டை சார்” என்கிறார். ஏட்டு எதை எழுதுவார்?

எழுதித் தரலாமே என்கிறார் நண்பர். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அதுவும் பள்ளி ஒழுங்காகக் கற்றுத் தந்திருந்தால்தான். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறதாம். போனைக் காதில் வைத்து என்ன செய்வாள்?

பாலியல் குற்றங்களில் மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரை அவர் வீட்டிலோ, வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில், வீடியோவில் பதிய வேண்டும் என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. அது சலுகை அல்ல, நடைமுறை. ஆனால் அடி உதை வழக்குக்கு இது எட்டவில்லை, சண்டையே அங்கேதான்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. ராஜஸ்தானில் ஒரு கொலை வழக்கு. நேரில் பார்த்த சாட்சி, கொலையானவரின் மனைவி, காது கேளாதவர். நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தவர் அவருடைய அப்பா, அதுவும் உறுதிமொழி எடுக்காமல். மொழிபெயர்ப்பவருக்கு வழக்கில் அக்கறை இருக்கக் கூடாது என்று 2012இல் சொன்ன உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலையை உறுதி செய்தது. இதையும் நண்பர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.