புதிய செவிலியருக்கும் ஓர் இடம்

பெற்றோரின் நோய்க்காகவோ கணவரின் பணிமாற்றத்திற்காகவோ ஊர் பெயர்ந்து வரும் இளம் செவிலியர் பலர். 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்திருப்பார்கள், வேறு மாநிலமெனில், அங்குள்ள செவிலியர் கவுன்சிலிலும் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் வேலை கேட்டுச் சென்றால், முன்அனுபவம் உண்டா என்பதே முதற்கேள்வி. வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

மருத்துவமனைகள் இவர்களைப் பணியில் சேர்த்து, மூத்த செவிலியரின் மேற்பார்வையில் பழக்க வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டிலும் நோயாளியைப் பேணுபவருக்கு உங்கள் கவலை சொல்லாமலே விளங்கும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊசியோ மருந்தோ பெறுமுன் ஐயமிருப்பின் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆயினும், புதியவர் என்பதற்காக மட்டும் வேறொருவரை அனுப்பச் சொல்லாதீர்கள். அடுத்த முறை நீங்கள் தேடும் அனுபவமிக்க செவிலியர் அவராகவே இருக்கலாம்.