பாசிட்டிவ் என்றால் நல்லதா?

சிவாஜிநகரில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரன் வீட்டுக்கு ஆங்கிலக் காகிதம் வராத வாரம் கிடையாது. பி.எப். கடிதம், வங்கி நோட்டீஸ், வரி ரசீது என்று எது வந்தாலும், "சார், இதுல என்ன போட்டிருக்கான்?" என்று வாசலில் ஒருவர் நிற்பார். சில ஆண்டுகளாக இவற்றோடு மருத்துவமனை ரிப்போர்ட்டுகளும் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பற்றித்தான் என் கருத்தை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தாயாரும் மகளும் வந்தார்கள். தாயாருக்கு மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி. அதிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைச் சாயமிட்டுப் பார்த்த முடிவு இது. ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், பி-53 பாசிட்டிவ் என்று இருந்தது. மகள் முகத்தில் நிம்மதி. "மூணும் நெகட்டிவ் சார், ஒண்ணுதான் பாசிட்டிவ். லேசானதுதான் போலிருக்கு. தீபாவளி முடிஞ்சு ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சுக்கலாம்னு இருக்கோம்" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நெகட்டிவ் என்றால் நல்ல சேதி என்று கொரோனா காலத்தில் நாடே பாடம் படித்தது.

உண்மை நேர்மாறானது. முதல் மூன்றும் நெகட்டிவ் என்றால், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும், ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் ஊசியும் பயன்படா என்று பொருள். இவ்வகைக் கட்டி பெரும்பாலும் வேகமாக வளரும். ஒத்திப்போட இடம் கொடுக்காது. பி-53 பாசிட்டிவ் என்பதோ பெரும்பாலும், உடம்பின் காவல்காரப் புரதம் பழுதாகிவிட்டது என்பதற்கு அடையாளம். அன்றே அவர்களை மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பினேன். மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லா இடத்திலும் தாள் இப்படித்தான் இருக்கிறது.

இந்தக் காவல்காரனைச் சற்று விளக்க வேண்டும். நான் உயிரியல் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்துத் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன். ஆனால் பி-53 செய்யும் வேலையைப் படித்தபோது, இது நம்முடைய வேலையல்லவா என்று தோன்றியது. தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் கருவியால் பார்ப்போம். கோளாறு தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்புக் குறி போட்டு, வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்து, காஷன் ஆர்டர் கொடுப்போம். சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்வோம். தேறாது என்றால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதியது போடுவோம்.

செல்லிலும் இதேதான் நடக்கிறது. டி.என்.ஏ.வில் சேதம் கண்டதும் பி-53 கிளர்ந்தெழுகிறது. முதலில் பி-21 என்ற இன்னொரு புரதத்தை உண்டாக்கி, செல் இரண்டாகப் பிரிவதை நிறுத்தி வைக்கிறது. இது காஷன் ஆர்டர். அந்த இடைவெளியில் பழுது பார்க்கப்படுகிறது. பார்க்க முடியாத சேதம் என்றால் பாக்ஸ், பூமா முதலிய புரதங்களை ஏவுகிறது. அவை செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் துளையிட, அதிலிருந்து கசியும் பொருள் காஸ்பேஸ் என்னும் வெட்டும் நொதிகளை முடுக்கிவிட, செல் தன்னைத் தானே ஒழுங்காகத் துண்டு போட்டுக்கொண்டு மறைகிறது. பக்கத்துச் செல்கள் மிச்சத்தை விழுங்கிவிடுகின்றன. வீக்கமில்லை, சீழில்லை. 1972-ல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். குழந்தை பால்குடி மறந்தபின் தாயின் மார்பகம் சுருங்குவதும் பால் சுரந்த செல்கள் இப்படிக் கூட்டமாக உதிர்வதால்தான். சாவு என்றதும் பயப்பட வேண்டாம். இந்தச் சாவு நடக்காமற் போவதுதான் ஆபத்து.

பி-53-ஐக் கண்டுபிடித்தது 1979-ல். பத்து ஆண்டுகள் இதைப் புற்றுநோயை உண்டாக்கும் வில்லன் என்றே விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். ஆராய்ச்சிக்குக் கிடைத்தவை பழுதான பிரதிகளாக இருந்ததே காரணம். 1989-ல்தான் இது காவல்காரன் என்று தெளிவாயிற்று. 1993-ல் 'சயன்ஸ்' இதழ் இதை ஆண்டின் மூலக்கூறு என்று கொண்டாடியது. பெயரில் உள்ள 53 கூட எடையைத் தவறாக அளந்து வைத்ததுதான். உண்மை எடை 44-ஐத் தாண்டாது. நம் பெரியவர்கள் சிவாஜிநகரை இன்னமும் பிளாக்பள்ளி என்பதுபோல, முதலில் ஒட்டிய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நல்ல நிலையில் பி-53 செல்லில் தயாராகிக்கொண்டே இருக்கும், உடனுக்குடன் அழிக்கப்பட்டும்விடும். சாயத்தில் அதிகம் தெரியாது. பழுதானது அழிவதில்லை, குவிந்துகொண்டே போகும். அதனால் சாயம் பலமாகப் பிடிக்கிறது, தாளில் பாசிட்டிவ் என்று விழுகிறது. சில பழுதுகளில் புரதமே உருவாகாமல் போய்ச் சாயம் துளியும் ஏறாது, அதுவும் கோளாறுதான். ரயிலில் பிரேக் குழாய் அறுந்தால் காற்று வெளியேறி பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், வண்டி நிற்கும். பழுதானால் பத்திரமான பக்கம் சாய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. பி-53 பழுதானால் சிக்னல் பச்சையிலேயே நின்றுவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றிலும், மும்முறை நெகட்டிவ் வகையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கிலும் இந்தப் பழுது காணப்படுகிறது.

இதே 17-ஆம் குரோமோசோமில்தான் இன்னொரு காவல்காரனும் இருக்கிறான். 1990-ல் மேரி-கிளேர் கிங் என்ற அம்மையார் இடத்தைக் காட்ட, 1994-ல் பிரித்தெடுக்கப்பட்ட பி.ஆர்.சி.ஏ.-1. டி.என்.ஏ.யின் இரு இழைகளும் சேர்ந்து அறுந்தால் பிழையின்றி ஒட்டுவது இதன் வேலை. செல் பிரிவதை நிறுத்த இதுவும் அதே பி-21-ஐத்தான் நாடுகிறது என்று 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வின் முதல் ஆசிரியர் குமரவேல் சோமசுந்தரம். அமெரிக்காவில் அதைச் செய்த அவர் பின்னர் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில், பழைய ஆட்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இடத்தில், பேராசிரியரானார். இத்தனை அறிவு சில மைல் தொலைவில் இருக்கும்போது, ரசல் மார்க்கெட் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் மூன்று நெகட்டிவ்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள் என்பதே என் வருத்தம்.

பி.ஆர்.சி.ஏ.-1 பழுது பரம்பரையாக வரக்கூடியது. தாயிடமிருந்து மட்டுமல்ல, தந்தையிடமிருந்தும் வரும். பிள்ளைக்குச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பழுதுள்ள பெண்களுக்கு வரும் கட்டி பெரும்பாலும் மும்முறை நெகட்டிவ் வகைதான். ஆகவே அந்தத் தாளைப் பார்த்ததும் மரபணுப் பரிசோதனை பற்றி மகளிடம் பேசியிருக்க வேண்டும். இது எச்சரிக்கை மட்டுமல்ல, மருந்தும்கூட. ஓலாபாரிப் என்னும் மாத்திரை, டி.என்.ஏ.யைப் பழுது பார்க்கும் இன்னொரு வழியை அடைக்கிறது. பி.ஆர்.சி.ஏ. உள்ள செல் தப்பித்துக்கொள்கிறது. அது இல்லாத புற்றுசெல்லுக்கு வேறு வழியில்லாமல், உதிர மறுத்த இலை உதிர்கிறது. பரம்பரைப் பழுதுள்ள மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2018-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. பரிசோதனை செய்யாதவருக்கு இந்த மருந்து தமக்கு உதவுமா என்று தெரியவே வராது.

"நோயாளிக்கு எல்லாம் சொன்னால் பயந்துவிடுவார்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பிள்ளைகள் ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிறார்கள். லோகோ பைலட்டிடம் காஷன் ஆர்டரை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். அவர் பயந்துவிடுவார் என்று யாரும் மறைத்ததில்லை. வண்டியை ஓட்டுகிறவர் அவர்தான். மருத்துவருக்கு நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பௌரிங் ஆஸ்பத்திரியிலோ கித்வாயிலோ காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர் எவரும் மறுக்க மாட்டார். 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டது. நேரமில்லாததால்தான் தாள் பேச வேண்டும் என்கிறேன்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பெயரையே மூன்று மொழியில் எழுதுகிறோம். புற்றுநோய் ரிப்போர்ட்டோடு முதலில் கன்னடத்தில், அடுத்துத் தமிழிலும் உருதுவிலும் அச்சிட்ட ஒரே ஒரு பக்கம் இணைக்கலாம். இதில் நெகட்டிவ் என்றால் நோயில்லை என்று பொருளல்ல. எந்த மருந்து பயன்படும் என்பதையே இது சொல்கிறது. எத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். பெண், பிள்ளை, சகோதரிகளுக்குச் சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். இந்த நான்கு வரி போதும். சங்கங்கள் கூடி அரசு மருத்துவமனைகளுக்கு இதை மனுவாகவே கொடுக்கலாம். எழுதித்தர ஆளில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்; மூன்று மொழியும் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.