தெளிகுரலும் தனிக்குரலும்

ஹெவி மெட்டல் என்று சொன்ன மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்வோர் உண்டு. 'அதெல்லாம் வெறும் கத்தல் ஐயா' என்பது அவர்களது தீர்ப்பு. சரி, அந்த இசையிலேயே ஊறித் திளைத்தவர்களிடம் போய், 'பாடுகிற குழுக்கள் ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்டாலோ, அவர்கள் முகத்தில் ஓர் இளக்காரம் படர்கிறது. பாடுவது என்பது அவர்களைப் பொறுத்தவரை வானொலிக்கு விலைபோவது. இவ்விரு சாராரும் எதிரெதிர்க் கரைகளில் நின்றாலும் ஒரே நம்பிக்கையைத்தான் சுமந்து நிற்கிறார்கள். கடுமை உறுமலில் இருக்கிறது; பாட்டு அதை நீர்க்கச் செய்கிறது. இந்த நம்பிக்கையோடுதான் நமக்கு வழக்கு.

மெட்டல் பிறந்தபோது பாட்டாகவே பிறந்தது. 1970இல் பிளாக் சப்பாத் குழுவின் முதல் தொகுப்பில் ஒலித்தது ஓஸி ஆஸ்பர்னின் குரல். அது அகன்ற குரலன்று, மூக்கொலி கலந்தது, ஏற்ற இறக்கம் குறைந்தது. ஆயினும் ஓர் அசை கேட்டால் போதும், ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும். 2025 ஜூலையில் அவர் மறைந்தபோது உலகெங்கும் அஞ்சலி செலுத்தியவர்கள் நினைவுகூர்ந்தது அந்தக் குறுகிய குரலைத்தான். அவருக்குப் பின் 1980இல் அதே குழுவில் வந்து பாடிய ரோனி ஜேம்ஸ் டியோவுடையது கோபுரம் போல் எழும் குரல். அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன், ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட் எல்லோரும் அந்த எடுப்பான மரபினர். இந்தப் பெயர்களை இவ்விசையின் வாசலில் நிற்பவர்கூட அறிவார். அவற்றை விட்டு மேலே செல்வோம்.

உறுமல் வந்தது 1980களின் பிற்பகுதியில். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உருவான டெத் குழுவின் முதல் தொகுப்பு 1987இல் வெளியானது. அதன் பிறகு டெத் மெட்டல் என்ற ஒரு பெரும்பிரிவே எழுந்தது. உறுமலை நாம் இழிவுபடுத்த வரவில்லை. அதுவும் பயின்று பெறும் கலைதான். தொல்காப்பியப் பிறப்பியல் நமக்கு வகுப்பறையில் பழகியது: உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உற்று எழுத்தொலியாகிறது என்பது அதன் விளக்கம். உறுமுகிறவர் குரல் நாண்களுக்கு மேலேயுள்ள பொய்க் குரல் நாண்களையும் அதிரவிட்டு, காற்றை மிடற்றிலேயே நொறுக்கிவிடுகிறார். நாவுக்கும் இதழுக்கும் வந்து சேரும்போது சொல் பெரும்பாலும் உருக்குலைந்திருக்கிறது. சொல் புரியாமற் போவது அங்கே குறையன்று. ஆள் மறைந்து ஓர் ஆற்றல் மட்டும் ஒலிக்கவேண்டும் என்பதே நோக்கம்.

மெட்டல் ரசிகர்கள் 'க்ளீன்' என்று குறிப்பிடும் பாட்டை நாம் தெளிகுரல் என்று வழங்குவோம். தெளிகுரலில் ஆள் மறைய முடியாது. சொல் விளங்கிவிடுகிறது, விளங்கியபின் 'இதை நீ மெய்யாகவே சொல்கிறாயா?' என்று கேட்பவன் கேட்டுவிடுகிறான். அந்தக் கேள்விக்கு நின்று விடை சொல்லும் குரலே நாம் தேடுவது. ஆகவே தெளிவு மட்டும் போதாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் ஃபியர் ஃபேக்டரி 1992இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் பர்ட்டன் பெல் என்பவர் உறுமலையும் பாட்டையும் ஒரே பாடலுக்குள் மாற்றி மாற்றி வைத்தார். இயந்திரமும் மனிதனும் பொருதுவது போன்ற அந்த இசைக்கு அது பொருந்தியது. புத்தாயிரத்தில் மெட்டல்கோர் பரவியபோது அதுவே சூத்திரமாயிற்று: சரணத்தில் கத்தல், பல்லவியில் பாட்டு. பல்லவி வரும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பாடுகிற குரலோ சுருதி திருத்தும் கணினியின் உபயத்தால் மேடுபள்ளம் இழந்து, அடுக்கடுக்காகப் பதியப்பட்டு, யாருடைய மிடற்றிலிருந்தும் வரக்கூடியதாகிவிட்டது. தெளிகுரல்தான், ஆனால் யார் குரல்? உறையைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. (கில்ஸ்விட்ச் எங்கேஜின் 2004ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடிய ஹாவர்ட் ஜோன்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. அந்தக் கனத்த, நெஞ்சிலிருந்து புரண்டு வரும் குரலை நகலெடுக்க முயன்றவர் பலர், பெற்றவர் இல்லை.)

அப்படியானால் எங்கே தேடுவது? நம் அனுபவத்தில் வளமான இடம் ஒன்று உண்டு. உறுமலிலிருந்து பாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

சுவீடனின் கட்டடோனியாவை எடுத்துக்கொள்வோம். யோனாஸ் ரென்க்ஸே அக்குழுவின் தொடக்க காலத்தில் கடுங்குரலில் கத்தியவர். சில ஆண்டுகளில் அந்தக் குரல் அவரைக் கைவிட்டது, தொண்டை இடங்கொடுக்கவில்லை. 1996இல் வந்த 'பிரேவ் மர்டர் டே' தொகுப்பில் உறுமுவதற்கு ஓபெத் குழுவின் நண்பர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் வரவேண்டியிருந்தது. அதே தொகுப்பில் ஒரு பாடலை மட்டும் ரென்க்ஸே தெளிகுரலில், ஏதோ தயங்கியவர் போலப் பாடியிருப்பார். இரண்டாண்டு கழித்து 1998இல் 'டிஸ்கரேஜ்ட் ஒன்ஸ்' முழுவதையும் பாட்டாகவே தந்தார். அது அழகிய குரலா என்றால், பயிற்சி பெற்ற பாடகர் எவரும் உதட்டைப் பிதுக்குவார். கமகம் போன்ற அசைவு ஏதுமில்லை. மேலே ஏறுவதுமில்லை. இரவில் சன்னலோரம் நின்று ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது போன்ற தட்டையான குரல். கிதார்கள் சுவரெழுப்பி நிற்க, அந்தச் சுவருக்கு இப்புறம் ஒரு மனிதன் உரக்கப் பேச முடியாமல் நிற்கிறான். இழந்த குரலுக்கு ஈடாக வந்த குரல் அது என்பது தெரியாதவருக்கும் அதில் ஓர் இழப்பு கேட்கும். 2006இல் வெளிவந்த 'கிரேட் கோல்ட் டிஸ்டன்ஸ்' தொகுப்பில் இக்குரல் முழுவளர்ச்சி பெற்றது. புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

ஓகர்ஃபெல்டின் கதை வேறு. இவருக்கு இரண்டும் கைவந்தவை. 2001இன் 'பிளாக்வாட்டர் பார்க்' தொகுப்பில் ஒரே பாடலுக்குள் பூதமும் பாணனும் மாறி மாறி வருவர். 2003இல் 'டாம்னேஷன்' என்ற தொகுப்பை ஓர் உறுமல்கூட இன்றி வெளியிட்டார். 2011இல் 'ஹெரிடேஜ்' வந்தபோது உறுமலை அறவே விட்டுவிட்டார். அதற்கு ரசிகர்கள் பட்ட துயரம் இருக்கிறதே, அது வீட்டில் சாவு விழுந்தாற்போன்ற துயரம். நமக்கோ 2019இல் அவர் செய்த காரியமே பெரிதாகப் படுகிறது. 'இன் காடா வெனேனம்' தொகுப்பைத் தம் தாய்மொழியான சுவீடிஷில் எழுதிப் பாடினார். ஆங்கிலப் பதிப்பையும் உடன் வெளியிட்டார். சுவீடிஷ் நமக்கு ஒரு சொல்லும் தெரியாது. இருந்தும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஆங்கிலத்தில் ஒரு திறமையான பாடகரும் சுவீடிஷில் ஓகர்ஃபெல்டும் பாடுவதாகவே தோன்றுகிறது. தாய்மொழியின் உயிரொலிகள் மிடற்றில் ஏற்கெனவே இடம்பிடித்து வைத்திருக்கின்றன போலும்.

இதையே ஐஸ்லாந்தின் சோல்ஸ்தாஃபிர் குழுவிலும் காணலாம். 2014இல் வந்த 'ஓட்டா' என்னும் அவர்களது தொகுப்பு, நாளை எட்டாகப் பகுத்த பழைய ஐஸ்லாந்தியக் காலக்கணக்கின்படி அமைந்தது. எட்டுப் பகுதிக்கு எட்டுப் பாடல்கள். நம் சாமக் கணக்கும் எட்டுத்தானே! நள்ளிரவில் தொடங்கி நாள் முழுக்கச் சுற்றி இரவில் முடிகிறது. அதல்பியோர்ன் த்ரிக்வசன் பாடுவது பாதி அழைப்பு, பாதி அழுகை. சுருதி சற்றே நழுவும் இடங்கள் உண்டு. கணினி கொண்டு திருத்தியிருந்தால் அந்த வைகறை செத்துப்போயிருக்கும்.

முகமூடி அணிந்து வந்த ஒரு தெளிகுரலையும் சொல்லியாக வேண்டும். கோஸ்ட் குழுவின் டோபியாஸ் ஃபோர்ஜ் முன்னர் ரிப்பக்னன்ட் என்ற டெத் மெட்டல் குழுவில் உறுமியவர். 2010இல் போப்பாண்டவர் வேடமும் முகப்பூச்சும் தரித்துக்கொண்டு, மென்மையான, ஏறக்குறைய நயமான குரலில், சாத்தானைத் தொழும் பாடல்களைப் பாட வந்தார். அந்த முரணில் கண்சிமிட்டல் உண்டு. 2016இல் கிராமி விருது. 2025இல் 'ஸ்கெலெட்டா' தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம். வேடமே வியாபாரம் என்பார் சிலர். வேடத்தைக் கழற்றிவிட்டுக் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். 2015இன் 'மெலியோரா' அதற்குத் தாங்கும். அதற்குப் பின் வந்தவற்றில் பூச்சு சற்றுக் கூடிவிட்டது என்பது நம் எண்ணம்.

அடுத்து, டூம் எனப்படும் மந்தகதிப் பிரிவு. வேகத்தில் குரலின் குறைகள் ஒளிந்துகொள்ளும். டூமில் ஒளிய இடமில்லை. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே ஒரு யுகம் கிடக்கிறது. இங்கிலாந்தின் வார்னிங் குழு 2006இல் வெளியிட்ட 'வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்' தொகுப்பை, இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன் என்பவருக்கு நாம் எடுத்துக் கொடுப்போம். ஐந்தே பாடல்கள், ஏறத்தாழ 50 நிமிடங்கள். பேயில்லை, போரில்லை, கடவுளும் இல்லை. உறவில் தோற்ற ஒருவன், தோற்றதைச் சொல்கிறான். பாட்ரிக் வாக்கரின் குரல் ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் நடுங்கி இறங்குகிறது. அந்த நடுக்கத்தை அவர் அடக்க முனையவில்லை. கிதார்களோ மலை சரிவது போல விழுகின்றன. நெய்தல் திணைப் பாட்டில் கடலும் இரங்கலும் ஒன்றையொன்று தாங்குவதைப் பாடம் சொல்லிப் பழகிய நமக்கு, இந்தச் சேர்க்கை அயலாகத் தோன்றவேயில்லை. உறுமலில் இதைச் செய்திருந்தால்? துயரம் ஒரு பொதுப் பேரிரைச்சலாகியிருக்கும். 'இவனது துயரம்' ஆகியிருக்காது. வாக்கர் பின்னர் 40 வாட் சன் என்ற குழுவைத் தொடங்கினார். அதன் 2011ஆம் ஆண்டு முதல் தொகுப்பும் தேடிக் கேட்கத்தக்கது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துப் பால்பேரர் குழு இவ்வழியில் வந்த இன்னொன்று. 2012இல் வந்த அவர்களது முதல் தொகுப்பில் பிரெட் கேம்ப்பெலின் உயர்ந்த, மெலிந்த குரல் தொலைவில் எங்கோ குன்றின்மேல் நிற்கிறது.

பெண் குரல்களைப் பற்றி ஒரு சொல். பின்லாந்தின் நைட்விஷ் குழுவில் 2005 வரை பாடிய தார்யா துருனென் செவ்வியல் பயிற்சி பெற்றவர். அவரைத் தொடர்ந்து ஓபரா பாணியில் பாடும் குழுக்கள் கூட்டங்கூட்டமாக எழுந்தன. பலவற்றில் பயிற்சி கேட்கிறது, ஆள் கேட்பதில்லை. அதைவிட சுவீடனின் அவதாரியம் குழுவில் பாடும் ஜென்னி ஆன் ஸ்மித்தின் ப்ளூஸ் சாயல் படிந்த குரல் நம்மை ஈர்க்கிறது. உக்ரைனின் ஜின்ஜர் குழுவைச் சேர்ந்த தத்தியானா ஷ்மாய்லியுக் ஒரே மூச்சில் தாலாட்டிலிருந்து கர்ஜனைக்குப் பாய்கிறார். அவர் சூத்திரத்துக்காக மாறுவதில்லை. பாட்டு கேட்கும்போது மாறுகிறார்.

ஹார்ட் ராக் பக்கம் திரும்பினால், மேரிலாந்தின் கிளட்ச் குழுவில் நீல் ஃபாலன் இருக்கிறார். தெருமுனைப் பிரசங்கியாரும் கதைசொல்லிக் கிழவரும் ஒரே உடலில் புகுந்தாற்போன்றவர். 2004இன் 'பிளாஸ்ட் டைரன்ட்' கேட்டால் நாம் சொல்வது விளங்கும். ஆலிஸ் இன் செயின்ஸின் செய்தி இன்னும் நுட்பமானது. லேன் ஸ்டேலியும் ஜெர்ரி கான்ட்ரெலும் இணைந்து பாடியபோது, நெருங்கி உரசும் இரு சுரங்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு குரல் பிறந்தது. 2002இல் ஸ்டேலி இறந்தார். 2009இல் வில்லியம் டுவால் என்பவரோடு 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ' வெளிவந்தபோது, புதியவர் பழையவரைப் போலிசெய்யவில்லை; கான்ட்ரெல் தம் பாதியைத் தொடர்ந்து பாடினார். அந்த மூன்றாவது குரல் சற்றே நிறம் மாறி மீண்டும் அங்கே நின்றது.

உறுமல் அன்பர்கள் ஒன்று கேட்பார்கள்: 'மெட்டல் என்பது மனிதனைக் கடந்த ஒன்றை ஒலிக்கவேண்டிய இசை, அதில் தனியாளின் புலம்பலுக்கு என்ன வேலை?' நியாயமான கேள்விதான். ஊழிக்காலத்தைப் பாடவேண்டுமென்றால் உறுமுங்கள், தடையில்லை. ஆனால் ஊழி முடிந்த மறுநாட் காலையில் எஞ்சி நிற்பவன் ஒருவன் இருப்பானே, அவன் எப்படி உறுமுவான்?

ஓபெத் 2024இல் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' தொகுப்பில் உறுமலை மீண்டும் கொண்டுவந்தது. 2008க்குப் பின் முதன்முறை. கொண்டாட்டம் அமளிப்பட்டது. நாமும் மகிழ்ந்தோம், மறுக்கவில்லை. ஆனால் இப்போது அந்த உறுமல் அடங்கி ஓகர்ஃபெல்ட் பாடத் தொடங்கும் இடங்களைக் கவனியுங்கள். 2001இல் அங்கே கேட்டது இடைவேளை. இப்போது இத்தனை ஆண்டுகள் பாட்டை மட்டுமே பாடித் தேறிய ஒருவர் பாடுகிறார். இடைவேளையாக ஒலிப்பது உறுமல்தான்.