சிரட்டைக்கரியும் நுரைச்சோலைப் புகைபோக்கியும்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களின் புகைபோக்கிகளைக் காணும் அன்பர் சிலர், ஆலைப்புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்தெடுக்கும் நுண்துளைப் பொருள்களைப் பற்றிப் படித்த உற்சாகத்தில், அவற்றை முதலில் இங்கேயே பொருத்தலாகாதா என்று வினவுகிறார்கள். நோக்கம் உத்தமமானது, இடம் பொருத்தமற்றது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

கொழுந்தை உலர்த்தும் அடுப்பில் பெரும்பாலும் எரிவது விறகு. வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் நட்டு வளர்த்தால், வெளிப்பட்ட வாயு காலக்கிரமத்தில் மீண்டும் மரத்தையே சேரும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்திலோ யுகயுகமாய்ப் பூமியின் கர்ப்பத்தில் கிடந்த நிலக்கரி எரிகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே அவ்வாயுவை விடுவிக்கும் புத்தளம் சீமெந்து ஆலையும் அதன் அயலிலேயே நிற்கிறது. பரிசோதனை தொடங்க வேண்டிய ஸ்தலம் நுரைச்சோலைதான்.

உலோக அணுக்களையும் கரிமக் கூறுகளையும் கோத்துப் பளிங்கினுள் வெற்றிடங்களைச் சமைத்த கிட்டகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கு 2025ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய நுண்துளைப் பொருளின் ஒரு கிராமுக்குள் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் உட்பரப்பு அடங்கக்கூடும். அப்பரப்பில் ஒட்டி நிற்கும் வாயு, சூடேற்றினாலோ அமுக்கத்தைக் குறைத்தாலோ விட்டுப் பிரியும். புகையிலுள்ள நீராவி முந்திக்கொண்டு துளைகளை நிரப்பிவிடுவதே நெடுங்காலச் சங்கடம். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கால்ஃப்-20 என்னும் துத்தநாகப் பொருள் அதைப் பெரிதும் தாங்கி, அந்நாட்டுச் சீமெந்து ஆலையொன்றின் புகையிலேயே பரீட்சிக்கப்பட்டிருக்கிறது.

நமக்கும் இவ்வித்தை அந்நியமன்று. சிரட்டைக்கரியை உக்கிரமான உஷ்ணத்தில் நீராவி செலுத்தி நுண்துளை திறக்கச் செய்யும் தொழிலில், 1973இல் தோன்றிய ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. உலோகப் பளிங்கின் திறமை அக்கரிக்கு இல்லாவிடினும் அது மலிவானது, நம் கையிலேயே உள்ளது.

இத்தகைய கரிக்கு மூலப்பொருளாக, தேயிலைச் செடியைக் கத்தரிக்கையில் விழும் கவ்வாத்து மிலாறைக் கேட்போரும் உண்டு. அதற்கு நான் ஒருபோதும் இசையேன். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து அடுப்புகளை எரிப்பது அந்த மிலாறு. புகையை அதிகம் வெளியிடாத இம்மலைநாட்டு ஜனங்களே, 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த மழையிலும் மண்சரிவிலும் உற்றாரையும் உறைவிடத்தையும் இழந்தனர். அவர்களிடமிருந்து விறகையும் பறிப்பது அதர்மம்.

ஆகவே மின்சார அதிகாரிகள் நுரைச்சோலைப் புகையின் ஒரு சிறு கிளையைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டு, சிரட்டைக்கரி நிரப்பிய ஒரு கலத்தையேனும் அங்கே நிறுவ இடமளிக்க வேண்டும்.