பாதியில் நின்ற படிப்பு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாம் விடைத்தாள் கட்டுகளுடன் மல்லாடிக் கொண்டிருந்த சமயம், வாசலில் இருவர் வந்து நின்றார்கள். ஒருத்தி நம்மிடம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வாசித்த பெண். மற்றவர் அவளுடைய தாயார். பெண் 2021-ஆம் வருஷம் பி.காம். வகுப்பில் சேர்ந்தாள். நான்கு ஸெமஸ்டர் முடித்தாள். 2023-இல் தகப்பனார் படுத்த படுக்கையாகிவிடவே, படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதப் போய்விட்டாள். இப்பொழுது தகப்பனார் இல்லை. கடை இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள்.

தாயார் கையிலிருந்த ஒரு வர்ணத் துண்டுப் பிரசுரத்தை நம்மிடம் நீட்டினார். மூன்று வருஷப் பட்டத்தை ஒரே வருஷத்தில் வீட்டிலிருந்தபடியே வாங்கித் தருவதாகவும், பழைய கிரெடிட்டுகள் எல்லாவற்றையும் மாற்றித் தருவதாகவும், கட்டணம் 45,000 ரூபாய் மட்டுமே என்றும் அதில் கண்டிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியறையில் ஒரு காரியாலயமாம்.

"தோட்டை வைத்துப் பணம் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம், ஸார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார் தாயார்.

"ஸார், நான் படித்த இரண்டு வருஷம் போனது போனதுதானா?" என்று கேட்டாள் பெண்.

தோட்டைக் கழற்ற வேண்டாம், இரண்டு வாரம் பொறுத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். விடைத்தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு (மாணாக்கர் மன்னிப்பார்களாக) விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். இதே கேள்வி நேயர்களில் பலருடைய வீட்டிலும் இருக்கக்கூடும் என்பதால் கண்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் 'கிரெடிட்' என்பது என்ன? அதன் பிறப்பு வேடிக்கையானது. அமெரிக்கக் கோடீசுவரர் ஆண்ட்ரூ கார்னெகி, 1905-இல் காலேஜ் ஆசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுப்பதற்காக ஒரு கோடி டாலர் நிதி வைத்தார். பென்ஷன் காலேஜ் ஆசிரியருக்கு என்றால், எது காலேஜ், எது வெறும் பள்ளிக்கூடம் என்று பிரித்தறிய வேண்டுமல்லவா? அதற்கு அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. ஒரு பாடத்தை வருஷத்தில் 120 மணி நேரம் படித்தால் அது ஓர் அலகு. அப்படிப் பதினான்கு அலகு படித்து வந்தவர்களையே சேர்த்துக் கொள்ளும் இடம் காலேஜ் என்று வைத்தார்கள். பென்ஷனுக்கு ஆசைப்பட்டுக் காலேஜுகள் எல்லாம் இந்தக் கணக்குக்கு இணங்கின. பிறகு காலேஜுக்குள்ளேயும் படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. ஆக, இன்று உலகம் முழுவதும் மாணாக்கர் தலையில் ஏறியிருக்கும் கிரெடிட் கணக்கு, உபாத்தியாயரின் பென்ஷன் கவலையிலிருந்து பிறந்தது! பென்ஷன் கவலை நமக்கும் புதிதல்ல.

நம் நாட்டில் இப்பொழுது வழங்கும் தேசிய கிரெடிட் கணக்குப்படி, சுமார் முப்பது மணி நேர உழைப்பு ஒரு கிரெடிட். வருஷத்துக்கு 40, மூன்று வருஷப் பட்டத்துக்கு 120. தமிழ் நாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் இது 140 ஆக இருக்கிறது. நம் பெண் படித்ததும் 140 கணக்கில்தான்.

இனி, கிரெடிட் வங்கிக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதிகள் வகுத்து இதை ஏற்படுத்தியது. ஒரு காலேஜில் சம்பாதித்த கிரெடிட்டை இந்த வங்கியில் இட்டு வைத்து, வேறொரு ஸ்தாபனத்தில் எடுத்து உபயோகித்துக் கொள்ளலாம். பெயர்தான் வங்கியே தவிர, நாமே போய்ப் பணம் கட்டுவது போல் கிரெடிட்டைக் கட்ட முடியாது. படித்த காலேஜோ சர்வகலாசாலையோதான் கட்ட வேண்டும். அவர்கள் கட்டாமல் சும்மா இருந்தால் நம் கணக்கில் பூஜ்யமே இருக்கும். 2021-22-ஆம் கல்வி வருஷம் முதல் சம்பாதித்த கிரெடிட்டுகளுக்கே இந்த வங்கியில் இடமுண்டு. நம் பெண் ஒரு வருஷம் முந்திக் கொண்டு காலேஜில் சேர்ந்திருந்தால், அந்த முதல் வருஷத்துப் படிப்பு இதற்குள் நுழைந்திருக்காது.

இன்னொரு விதி எல்லாவற்றிலும் முக்கியமானது. கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஏழு வருஷம். 2021-22-இல் சம்பாதித்தது 2028-29-இல் காலாவதியாகிவிடும். 'குடும்பக் கஷ்டம் தீரட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடுகிறவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக் கொள்வது நலம். தாயாரிடம் இதைச் சொன்னபோது, அவர் முகத்தில் பிரசுரத்தைக் கண்டபோது இருந்த அவசரம் மறுபடி வந்துவிட்டது. அவசரம் வேண்டியதுதான், ஆனால் அது மாடியறைக் காரியாலயத்தை நோக்கி ஓடுவதற்கல்ல.

வங்கிக் கணக்கு ஆரம்பிப்பது எளிது என்று சொல்கிறார்கள். டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் காட்டினால் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று கிடைத்துவிடும். ஆனால் தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் இனிஷியல்! காலேஜ் மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் நிற்கிறது. ஆதாரில் பின்னால் போய் ஒட்டிக் கொண்டிருக்கிறது. சிலருக்குத் தகப்பனார் பெயர் முழுவதுமே குடும்பப் பெயராக ஏறி உட்கார்ந்திருக்கிறது. யந்திரம் இரண்டும் ஒருவர்தான் என்று ஒப்புக் கொள்வதில்லை. இந்தப் பெண்ணுக்கும் அதே கதைதான். ஆதாரைத் திருத்திக் கொண்டு வரவே பத்து நாள் ஆயிற்று. கல்வி யோசனைக்கு முன்னால் பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நான்கு ஸெமஸ்டரில் அவள் எழுதிய பாடங்களுக்கு மொத்தம் 90 கிரெடிட். அதில் இரண்டு பாடத்தில் அரியர். தலா நான்கு கிரெடிட். தேறாத பாடத்துக்குக் கால் கிரெடிட்கூடக் கிடையாது. ஆகவே கையில் இருப்பது 82.

இதை எடுத்துக் கொண்டு வேறொரு சர்வகலாசாலையின் ஆன்லைன் பி.காம். வகுப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? பட்டம் கொடுக்கிற ஸ்தாபனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டையாவது சம்பாதிக்க வேண்டும் என்று வங்கி விதி சொல்கிறது. பட்டம் 120 என்றால் வெளியிலிருந்து 60-க்கு மேல் கொண்டு போக முடியாது. அங்கேயே 22 போய்விட்டது. அந்த 60-ஐயாவது முழுதாக ஏற்பார்களா? பாடத்திட்டத்தை ஒத்துப் பார்த்து, பொருந்துவதை மட்டும் ஏற்பார்கள். எதை ஏற்பது என்பது சேருகிற ஸ்தாபனத்தின் இஷ்டம். உதாரணமாக 48 தேறினால், மீதி 72. வருஷத்துக்கு 40 வீதம் ஏறக்குறைய இரண்டு வருஷம். 'எல்லாக் கிரெடிட்டையும் மாற்றித் தருவோம், ஒரே வருஷத்தில் பட்டம்' என்ற வாக்கு இந்தக் கணக்கிலேயே உடைந்து போகிறது.

இதில் நாம் மட்டும் துர்ப்பாக்கியசாலிகள் என்று எண்ண வேண்டாம். கிரெடிட் மாற்றத்தில் நூறு வருஷப் பழக்கமுள்ள அமெரிக்காவில், அரசாங்கத் தணிக்கை அலுவலகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காலேஜ் மாறிய மாணாக்கர்கள் சராசரி தங்கள் கிரெடிட்டில் நூற்றுக்கு 43 பங்கை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. எங்கெங்கோ படித்துச் சேர்த்ததை எல்லாம் தொகுத்துப் பட்டம் தருவதற்கென்றே நியூயார்க், நியூஜெர்ஸி, கனெக்டிகட் ராஜ்யங்களில் 1971 முதல் 1973-க்குள் மூன்று ஸ்தாபனங்கள் தோன்றின என்பதும் உண்மை. நம் நாட்டில் அத்தகைய ஸ்தாபனத்துக்கு மேற்சொன்ன பாதிக்குப் பாதி விதி இடம் தராது.

ஆகையால் நாம் அவளுக்குச் சொன்ன யோசனை வேறு. புது வாசலைத் தட்டுவதற்கு முன் பழைய வாசலைத் தட்டிப் பார். அவள் படித்த காலேஜ் எந்தச் சர்வகலாசாலையைச் சேர்ந்ததோ, அதற்கே தொலைதூரக் கல்விப் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே ஐந்தாம் ஸெமஸ்டரில் சேர்த்துக் கொள்ள அனுமதி கிடைத்தால், 82-உம் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து வந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. அரியர் எழுதினால் எட்டு. இரண்டு ஸெமஸ்டருக்கு ஐம்பது. கூட்டினால் 140. ஒரு வருஷம்! பிரசுரக்காரர் சொன்ன அதே ஒரு வருஷம்தான். ஆனால் நியாயமான வழியில்.

அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்தோம். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 1985-இல் ஏற்பட்ட இக்னோவிலும், நம் மாகாணத்துத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிப்பு முடிந்துவிடும். தனியார் ஸ்தாபனங்களின் ஆன்லைன் பட்டத்துக்கோ செலவு லட்சத்தையும் தாண்டுவதுண்டு. மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் தொலைதூரப் பட்டமும் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2020-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. எனவே விலை அதிகம் என்பதற்காகப் பட்டத்தின் மதிப்பு கூடிவிடாது. அங்கீகாரம் மட்டும் ஸ்தாபனத்துக்கு மொத்தமாக இருந்தால் போதாது. சேருகிற பாடத்துக்கு, சேருகிற வருஷத்துக்கு இருக்க வேண்டும். மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துக் கொள்ளலாம். 2024 முதல் இத்தகைய படிப்புகளில் சேர அந்தப் பிரிவின் இணையதளத்தில் மாணாக்கரே ஓர் அடையாள எண்ணும் பெற வேண்டும். தரகர் 'நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்' என்றால் பயப்படுங்கள்.

ஸ்வயம் என்ற அரசாங்க இணையதளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் ஆரம்பமானது. பாடம் கேட்பது இலவசம். பரீட்சைக்கு மட்டும் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. முதலியவை நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களுக்கு அது 1,000 ரூபாயாக இருந்து வருகிறது. பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட். ஒரு ஸெமஸ்டரில் நூற்றுக்கு நாற்பது பங்கு பாடங்கள் வரை இவ்வழியில் படிக்கக் காலேஜ் அனுமதிக்கலாம் என்று 2021-ஆம் வருஷத்து விதி. 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். முதலில் பாடத்தைப் படித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்ட ஒரு பையனை நமக்குத் தெரியும். அவனிடம் அழகான சான்றிதழ் இருக்கிறது, கிரெடிட் இல்லை. சட்டம் போட்டு நடுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான்.

சர்க்கார் உத்தியோகத்தில் கண் உள்ளவர்கள் இன்னொன்றையும் மறக்கலாகாது. பத்தாவது, பன்னிரண்டாவது, அதற்குமேல் பட்டம் என்ற வரிசையில் வந்தவர்களுடைய பட்டத்தையே நம் மாகாண அரசு உத்தியோகத்துக்கு ஏற்கிறது. இடையில் ஒரு படியைத் தாண்டித் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் பிறகு வழக்குமன்றம் வரை போய் நின்றது. நம் பெண் பிளஸ் டூ தேறியவள். அந்தக் கவலை அவளுக்கு இல்லை.

இந்தக் காரியத்துக்கு வேண்டிய காகிதங்களில், ஜனங்கள் அலட்சியம் செய்வது பாடத்திட்டப் புத்தகத்தைத்தான். மதிப்பெண் பட்டியலைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள். பாடத்திட்டத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு ஸ்தாபனம் நம் படிப்பை ஒப்பிட்டுப் பார்ப்பது அதை வைத்துத்தான். காலேஜ் முத்திரையுடன் பிரதி வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். எத்தனை கிரெடிட்டை ஏற்கிறார்கள் என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். டெலிபோனில் இனிமையாகப் பேசுகிறவர்கள் பிறகு அந்த ஸ்தாபனத்திலேயே இருப்பதில்லை.

பெண் அரை நாள் விடுப்புப் போட்டுக் கொண்டு பழைய காலேஜுக்குப் போனாள். 'உன் கிரெடிட் வங்கியில் ஏறவில்லை. அடுத்த மாதம் வா' என்றார்களாம். அடுத்த மாதத்துக்கு இன்னொரு அரை நாள் சம்பளம் யார் கொடுப்பது? எழுத்தில் ஒரு மனுக் கொடுத்து, அதன் பிரதியில் முத்திரை வாங்கி வரும்படி சொல்லி அனுப்பினோம். முத்திரை விழுந்த நான்காம் நாள் கிரெடிட்டும் ஏறிவிட்டது.

சர்வகலாசாலையிலிருந்து போன வியாழக்கிழமை பதில் வந்திருக்கிறது. ஐந்தாம் ஸெமஸ்டரில் சேர்த்துக் கொள்வதாகவும், இரண்டு அரியரையும் வரும் பரீட்சையிலேயே எழுதிவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கட்டணம், பரீட்சைப் பணம், பஸ் சத்தம், பரீட்சை நாட்களில் இழக்கப் போகிற கூலி எல்லாம் சேர்த்துத் தாயார் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தார். பிரசுரத்தில் கண்ட தொகையில் பாதிகூட வரவில்லை. தோடு காதிலேயே இருக்கிறது.

அரியரில் ஒன்று புள்ளியியல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நம்மிடம் வருகிறாள். நாமும் அதைப் படித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சனிக்கிழமை இரவு உட்கார்ந்து முன்னதாகப் பார்த்து வைத்துக் கொள்கிறோம்.